தண்ணீர் கேட்காத தேக்கங்கன்றுகள்

எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் ஓய்வு பெற்றுவிட்டேன். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வேலையிலிருந்து. பர்மனென்ட் ஆகாமலேயே ரிட்டயர் ஆன ஒரே ஆள் இந்த வட்டாரத்தில் தன் தம்பிதான் என்று என் அக்கா வளர்மதி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சால்வை போர்த்த யாரும் வரவில்லை. சாவிக்கொத்தை வாங்கிக்கொள்ள ஒரு தம்பியும் ஒரு தங்கச்சியுமாக நீங்கள் இரண்டு பேர் வந்தீர்கள். அதிலும் தம்பி, நீ சாவியைக் கையில் வாங்கியதும் எண்ணிப் பார்த்தாய். அப்போதே எனக்கு உன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. சந்தேகப்படத் தெரிந்தவன்தான் இந்த வேலையில் நிற்பான்.

மோட்டார் எப்போது போடுவது, எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. ஜனங்களே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. தொட்டி ஆபரேட்டர் என்றால் தொட்டி மட்டும் இல்லை. கிராம சபைக்கு நாற்காலி போடுவது, மைக் செட் கட்டுவது, முதல் நாள் ஆட்டோவில் உட்கார்ந்து தெருத்தெருவாக அறிவிப்பது எல்லாம் நம் தலையில்தான் விழும். அதனால் ஊரில் எது எங்கே வரவேண்டும், எது எங்கிருந்து போகவேண்டும் என்று முடிவு செய்கிற எல்லாக் கூட்டத்திலும் நாம் இருப்போம். நம்மை யாரும் ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார்கள். மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஸ்டாண்டு என்று நினைத்துக்கொண்டு, நம் காது படவே பேசுவார்கள். வேடிக்கை பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிரியாணியைப் போய் யார் கேள்வி கேட்பார்கள்? மறுநாள் ஆபீசில் நம் ஊராட்சிச் செயலர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

“பிரியாணி எப்டி இருந்துச்சு கதிரு?”

“சூப்பரா இருந்துச்சு மேடம்.”

“லெக் பீசு போட்டாரா?”

“ரெண்டு போட்டாரு மேடம்.”

“அப்ப பெரிய பைப்பா கேப்பாரு. போ.”

அந்த வாரமே பிரியாணிக்காரர் கேட்டார். முந்திரிக் காட்டை அடுத்த அவருடைய வெற்று நிலத்துக்கு ஒரு குழாய் இழுத்துத் தரச் சொன்னார். அங்கே குடிக்க ஆள் இல்லை, ஓணான்தான் இருந்தது. செயலர் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். இந்த வேலையில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். பெயர் சொல்லமாட்டேன், இப்போது வேறு ஊரில் நிம்மதியாக இருக்கிறார். அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: “பிளாட்டு போட்டப்புறம் தண்ணி வரும்னு நெனைக்காத. தண்ணி வந்தப்புறம்தான் பிளாட்டு போடுவாங்க. நீ தொட்டி மேல நின்னுகினு வானத்தப் பாக்கற. கீழ பாரு. எவனாவது எதையாவது சும்மா குடுத்தா, அவனோட இன்னொரு கை எங்க இருக்குன்னு பாரு.”

அதன் பிறகு நான் எல்லாருடைய இன்னொரு கையையும் தேட ஆரம்பித்தேன். ஒரு கட்டத்தில் அக்கா டீ கொடுத்தால்கூட எதற்கு என்று கேட்டேன். டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். அந்த விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டேன்.

இப்போது பள்ளிக்கூட விவகாரத்துக்கு வருகிறேன். நீங்கள் வேலைக்கு வரும்போது அந்தக் கட்டிடம் புதிதாக எழும்பி நின்றிருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

பழைய பள்ளிக்கூடத்தில் பாதிக் கூரை ஒழுகும், மீதிக் கூரை எப்போது விழும் என்று யோசித்துக்கொண்டிருக்கும். எல்லா வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. அக்கா மகள் யாழினி மூன்றாவது படித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்தாவது வகுப்புப் பாடத்தைத்தான் மனப்பாடமாக ஒப்பிப்பாள். ஒருவழியாக ஒன்றியத்திலிருந்து புது வகுப்பறை கட்டப் பணம் வந்தது. எந்த இடத்தில் கட்டுவது என்று கிராம சபை தீர்மானம் போட்டுத் தரவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பழைய கட்டிடத்துக்குப் பக்கத்தில்தான் என்று எல்லாரும் இருந்தோம்.

அப்போதுதான் கல் முளைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், வரப்போரமாக, தலையில் சிவப்புச் சாயம் பூசிய கற்கள்.

வேறு ஊரில் இப்படிக் கல் நட்டால் யாரோ நிலம் அளக்கிறார்கள் என்று போய்விடுவார்கள். நம் பக்கத்தில் கல் நட்டால் நிலக்கரிச் சுரங்கம் வருகிறது என்று அர்த்தம். யார் நட்டது என்று கேட்கக்கூட மாட்டார்கள். கம்மாபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் நிலம் கொடுத்துவிட்டு அலைந்த கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நிலத்தை எடுக்கும்போது மரத்துக்குத் தனியாகக் கணக்குப் பார்ப்பார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் கல்லைப் பார்த்த மறுநாளே நம் ஆட்கள் ஓடுவது நர்சரிக்கு. கரும்பு போட்ட நிலத்தின் ஓரத்திலும், மல்லாட்டை பிடுங்கிய நிலத்திலும், ஒரே வாரத்தில் தேக்கங்கன்று நின்றது. அதிகாரி வந்து எண்ணுவதற்குள் அது மரம் மாதிரித் தெரிய வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டும். கோடையில் தண்ணீர் யாரிடம் இருக்கிறது? என்னிடம்.

“தம்பி, ஒரு பத்து நிமிசம் சேத்து விடு சாமி” என்று காலையில் ஒருவர் வருவார். “குடிக்கற தண்ணிய தேக்குக்கு விட்டா நாளைக்கி நீங்க தேக்கத்தான் குடிக்கணும்” என்று அனுப்பிவிடுவேன். மாலையில் மறுபடி வருவார். கலியபெருமாள் என்று ஒரு பெரியவர், நிலம் பள்ளிக்கூடத்தை ஒட்டி இருக்கிறது. என் வீட்டு வாசலிலேயே பாய் போட்டுப் படுக்காத குறை. பாதி நிலத்தில் கன்று வைத்துவிட்டு, சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி தவித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் மட்டும் யாரும் எதுவும் நடவில்லை. நட நிலம் வேண்டுமே. அக்கா வாசலில் இருந்த ஒரு கனகாம்பரச் செடியைக் காட்டி, “இதுக்கு எவ்ளோடா தருவாங்க?” என்று கேட்டாள்.

மே தினக் கிராம சபை வந்தது. மைக்கைத் துணைத்தலைவர் வாங்கினார். அவரை உங்களுக்குத் தெரியும். பதவிக்காலம் முடிந்தும் சட்டைப்பையில் பச்சை இங்க் பேனா வைத்திருக்கிறாரே, அவர்தான். பள்ளிக்கூடத்துக்கு நேர் பின்னால் அவருடைய கொல்லை. அவர் கொல்லைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம்.

“எல்லாருக்கும் வணக்கம்ங்க. கல்லு நட்டுருக்கறத நீங்களே பாத்தீங்க. இன்னிக்கி கட்டுவோம், நாளைக்கி சுரங்கத்துக்காரன் வந்து இடிப்பான். நம்ம புள்ளைங்க மறுபடி தெருவுல நிக்கணுமா? அதனால நான் ஒரு முடிவுக்கு வந்துட்டன். ஹைவேக்கு அந்தாண்ட என் நெலம் இருக்குது. பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுக்கறன். சும்மா குடுக்கறன்.”

சும்மா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நான் அவருடைய இன்னொரு கையைப் பார்த்தேன். அது வேட்டி மடிப்பைப் பிடித்திருந்தது. ஊர் கை தட்டியது. தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்; புது இடத்துக்குப் பஸ் ஸ்டாப் பக்கம் என்பதும் ஒரு காரணம். கலியபெருமாள் எழுந்து நின்று கும்பிட்டார்.

அக்கா மட்டும் கை தட்டவில்லை. அந்த ஹைவேயில் சுரங்கத்து மண் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அக்கா புருஷன், என் மாமா, காண்ட்ராக்ட் வேலைக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர், அங்கேதான் ரோட்டைத் தாண்டும்போது டிப்பரில் அடிபட்டுக் காலை ஒடித்துக்கொண்டார். இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார். அக்காவுக்கு அந்த ரோடு என்றால் ரோடு இல்லை, மாமாவின் கால்.

எழுந்தாள். “அண்ணே, எம் பொண்ணு அந்த ரோட்ட எப்டி தாண்டும்?”

“ஸ்பீடு பிரேக்கர் போட்டுக்கலாம்மா.”

“டிப்பர்காரன் ஸ்பீடு பிரேக்கர பாத்து நிப்பானா, தாண்டுவானாண்ணே?”

“எல்லாத்தையும் தப்பாவே பேசக்கூடாதும்மா வளரு. நல்ல காரியம் நடக்குது.”

“நல்ல காரியந்தான்ண்ணே. ஊரே தேக்கு நட்டுகினு கெடக்குது. உங்க கொல்ல மட்டும் மொட்டையா கெடக்குதே, அதான் கேட்டன்.”

அவள் யோசித்துக் கேட்கவில்லை. என்னை வம்புக்கு இழுக்கிற மாதிரியே அவரையும் இழுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “நான் ஊருக்காக ஓடிகினு இருக்கறன். என் கொல்லைய பாக்க நேரம் ஏதும்மா?” என்றார். மறுபடி கைதட்டல். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவர் முகம் கொஞ்ச நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. மைக் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்தது.

ஊராட்சித் தலைவரம்மா உடனே தீர்மானம் போடவில்லை. அந்த மாதக் கடைசியில் சிறப்புக் கிராம சபை வைத்து முடிவு செய்யலாம் என்று எழுந்துவிட்டார். ஒன்றிய இன்ஜினியருக்குக் கோபம். மாதத்துக்குள் இடம் சொல்லாவிட்டால் பணம் பக்கத்து ஊராட்சிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எனக்குச் சந்தேகம் முதலில் வந்தது தலைவரம்மா மேல்தான். சும்மா வருகிற நிலத்தை வாங்க இவ்வளவு யோசனை ஏன்? இவர் வேறு எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். போகிற வருகிற வேளையெல்லாம் அவர் வீட்டுப் பக்கம் வண்டியை மெதுவாக ஓட்டி, வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்று பார்த்தேன். கடைசியில் அவரே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“இன்னா கதிரு, எங்க வூட்டு செருப்புல ஏதாவது தொலஞ்சிடுச்சா?”

“இல்லம்மா, வால்வு பாக்க வந்தன்.”

“எங்க தெருவுல வால்வே இல்லியே.”

நான் தலையைச் சொறிந்தேன். அவர் சிரிக்கவில்லை. “அந்த நெலத்த வேணாம்னு சொல்ல காரணம் கெடைக்கல. சரின்னு சொல்ல மனசு வரல. உனுக்கு ஏதாவது தெரிஞ்சா செயலர்கிட்ட சொல்லு. என் செருப்ப எண்ணாத” என்றார். தங்கச்சி, இதை நீ குறித்துக்கொள். சந்தேகப்படுவது நம் வேலை. ஆனால் தயங்குகிற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தால் அவசரப்படுகிற ஆள் கண்ணில் படமாட்டான்.

சுரங்கம் வருகிறதா இல்லையா என்று செயலர் தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கேட்டிருந்தார். பதில் இல்லை. நம் பக்கத்தில் பதில் வரவில்லை என்றால் வரும் என்றும் வைத்துக்கொள்ளலாம், வராது என்றும் வைத்துக்கொள்ளலாம். ஊர் வழக்கம்போல வரும் என்று வைத்துக்கொண்டது.

இதற்கு நடுவில் துணைத்தலைவர் கொல்லையிலும் தேக்கு நின்றது. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் மாதிரி, பள்ளிக்கூடத்தை ஒட்டி, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வரிசை பிடித்து நட்டிருந்தார். ஊருக்கு மீதி இருந்த சந்தேகமும் போய்விட்டது. “பாத்தியா, அவரே நட்டுட்டாரு. அப்ப நிச்சயம் வருது” என்று கலியபெருமாள் இன்னும் ஒரு வண்டிக் கன்று இறக்கினார்.

நான் போனைச் சார்ஜில் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தேன். துணைத்தலைவர் தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. என் சம்பளச் செக்கில் இரண்டு கையெழுத்து. ஒன்று தலைவரம்மாவுடையது, இன்னொன்று அவருடையது. எப்படி மறுப்பது என்று நாலைந்து பொய் தயாராக வைத்திருந்தேன்.

அவர் கேட்கவே இல்லை.

ஊரில் கன்று வைத்த ஒவ்வொருவரும் என் உயிரை வாங்கினார்கள். அவர் எதிரில் வந்தால்கூட, “நல்லா இருக்கியா தம்பி” என்றுவிட்டுப் போனார். மே மாத வெயிலில் அவர் கன்றுகள் இலை சுருட்டிக்கொண்டு நின்றன. போர் கிடையாது, கிணறு கிடையாது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக் குழாயை மூடப் போனவன், வேலியோரமாகக் குனிந்து பார்த்தேன். கன்றின் கழுத்தருகே மண்ணுக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. நர்சரிப் பையைக் கிழிக்காமல், பையோடு குழியில் இறக்கி, மேலே மண்ணைத் தூவியிருந்தார்கள்.

நேரே செயலரிடம் ஓடிப்போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவருக்கு சுரங்கம் வராதுன்னு தெரியும் மேடம். வரும்னு நெனச்சா, எண்ண வர்றதுக்குள்ள வளரணும்னு தண்ணிக்கு அலைவாரு. இது கூட்டம் முடிஞ்சதும் நர்சரிக்கே திரும்பிப் போற கன்னு.”

“சரி. பள்ளிக்கூடம் போயிட்டா?”

“அவரு கொல்லைக்கு ரோட்டு வழி கெடைக்கும். பிளாட்டு போடலாம்.”

“அவ்ளோ தெரியுதுல்ல. இத மைக்குல சொல்லுவியா?”

“சொல்லுவன்.”

“ஆளு வச்சி நட்டன், அவன் தெரியாம நட்டுட்டான்னு சொல்லுவாரு. அதுக்குள்ள யாராவது போய் அவருகிட்ட போட்டுக்குடுத்தா, விடியறதுக்குள்ள பையெல்லாம் கிழிஞ்சிருக்கும். அப்புறம் உன் செக்கு?”

“அப்ப இன்னாதான் பண்றது மேடம்?”

“எனுக்கு இன்னா தெரியும்? ஊர்ல பெரிய வாயாடி நீதான.”

தம்பி, இங்கேதான் நீ கவனிக்க வேண்டும். கையில் உண்மை கிடைத்தவுடன் அதைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். சொன்னால் நீ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். அவர் பக்கம் நாற்காலி இருக்கிறது. நம் பக்கம் ஸ்பேனர் இருக்கிறது. யார் பேச்சை நம்புவார்கள்? அதனால் நான் சொல்லவேண்டாம் என்று முடிவு செய்தேன். நல்லது செய்யலாம் என்று முடிவு செய்தேன். நல்லது செய்கிறவனைத் திட்டுவது யாருக்கும் கஷ்டம்.

சிறப்புக் கிராம சபை பள்ளிக்கூடத்திலேயே. முதல் நாளே சொல்லாமல் அன்று காலையில்தான் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழக்கமான அறிவிப்போடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

“நம்ம ஊருக்காக நெலத்தையே சும்மா குடுக்க வந்த துணைத்தலைவர் அண்ணனோட தேக்கங்கன்னு தண்ணி இல்லாம வாடுதுங்க. தன்னடக்கம் காரணமா அவரு தண்ணி கேக்கல. அவரு கேக்கலன்னா நாம விட்டுடலாமா? கூட்டத்துக்கு வர்றவங்க ஆளுக்கொரு கொடம் தண்ணியோட வாங்க. ஊத்திட்டு உள்ள போவோம்.”

எங்கள் தெருவில் ஆட்டோ நுழைந்ததும் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏண்டா, எவன் கொல்லைக்கு எவ தண்ணி ஊத்தறது? வெயில்ல புத்தி கலங்கிடுச்சா?”

மைக்கை அணைத்துவிட்டு, “யாழினி ரோட்ட தாண்ட வேணாம்னா கொடத்த எடு” என்றேன்.

“இன்னாடா பண்ணி வச்சிருக்க?”

“ஒண்ணும் பண்ணல. நல்லது பண்றன்.”

“நீ நல்லது பண்றன்னாதான் எனுக்கு பயமா இருக்குது” என்றாள். ஆனால் குடத்தை எடுத்தாள். அவள் எடுத்தால் தெரு எடுக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது; சுரங்கத்திலிருந்து எப்போதாவது இறைத்துவிட்டால்தான் அதில் தண்ணீர் ஓடும், அன்றைக்கு ஓடியது. பெண்கள் அதில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு கொல்லைக்குள் இறங்கினார்கள். கலியபெருமாளும் ஒரு பக்கெட்டோடு வந்தார். நன்றி உள்ள மனுஷன். அவருக்கு அது தர்ம காரியம்.

துணைத்தலைவர் வண்டியில் வந்து இறங்கியபோது முதல் குடம் சாய்ந்துகொண்டிருந்தது.

“யாரும்மா அது, யாரு ஊத்தச் சொன்னது? விடுங்க, விடுங்க, நான் ஆளு வச்சி ஊத்திக்கறன்” என்று ஓடிவந்தார்.

“இருக்கட்டும்ண்ணே. நீங்க எங்களுக்காக ஓடிகினு இருக்கீங்க. இதுகூட செய்யலன்னா எப்டி” என்று அக்கா இன்னொரு குடத்தைக் கவிழ்த்தாள்.

செம்மண்ணைச் சும்மா தூவி வைத்தால் அது எவ்வளவு நேரம் நிற்கும்? குழி நிறைந்தது. மண் கரைந்து பக்கத்தில் வழிந்தது. ஒரு கன்று மெதுவாகச் சாய்ந்து, பையோடு வெளியே விழுந்தது. அப்புறம் பக்கத்துக் குழியில் ஒன்று. வரிசையாக, கறுப்புப் பைகள். பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள். நர்சரிக்காரன் கட்டின சரடு அப்படியே இருந்தது.

“அண்ணே, இதுல வேரு வெளிய வர வழியே இல்லியே. திருப்பிக் குடுக்க வேண்டிய கன்னா?”

“ஆளு வச்சி நட்டன். அவன் தெரியாம நட்டுட்டான்” என்றார் துணைத்தலைவர். செயலர் சொன்னதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி குடையை மடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கொஞ்சம் தளர்ந்தது. ஆள் தப்பாக நட்டால் அவர் என்ன செய்வார் என்று யாரோ முணுமுணுக்கவும் செய்தார்கள். எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் பேசியது கலியபெருமாள்.

“ஆளு தப்பா நட்டான். சரி மாப்ளே, ஒத்துக்கறன். நீ ஏன் தண்ணி கேக்கல?”

“இன்னா மாமா?”

“இந்தப் பையன் வூட்டுக்கு காலையில நடக்கறன், சாயங்காலம் நடக்கறன். ராத்திரில தூக்கமில்ல எனுக்கு. ஊர்ல கன்னு வச்சவன் அத்தினி பேரையும் அந்த வாசல்ல பாத்தன். உன்ன ஒருநாளும் பாக்கலியே. நெலம் போவுதுன்னு நெனக்கறவன் எப்டி மாப்ளே சும்மா இருப்பான்?”

துணைத்தலைவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருடைய இன்னொரு கையை நான் பார்த்தேன்.

கூட்டம் நடந்தது. வகுப்பறைக்குள் உட்கார இடமில்லாமல் ஜன்னல் வழியாகவெல்லாம் தலை நீட்டினார்கள். தலைவரம்மா நீளமாகப் பேசவில்லை. “சுரங்கம் வந்தா அப்ப கேக்கறத கேப்போம். வரும் வரும்னு பயந்துகினு இன்னிக்கி இருக்கற பள்ளிக்கூடத்த நாமளே எடுத்து எதுக்கு ரோட்டுக்கு அந்தாண்ட வைக்கணும்? இங்கியே கட்டலாம்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க” என்றார். எல்லாக் கையும் எழுந்தது. முதலில் எழுந்த கை துணைத்தலைவருடையது. அதையும் நான் குறித்துக்கொண்டேன். தோற்றுப்போன இடத்தில் முதலில் கை தூக்குகிறவர் மறுபடி வருவார்.

அந்தக் கற்களை யார் நட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்த பிறகு அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒன்று மட்டும் அக்கா வீட்டில் இருக்கிறது. அம்மிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.

வகுப்பறை எழும்பியது. யாழினி இப்போது தன் வகுப்புப் பாடத்தைத் தன் வகுப்பிலேயே கேட்கிறாள். அவளுக்கு ரோட்டைத் தாண்டும் வேலை இல்லை. மாமா சாய்ந்து நடந்தே கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார்.

என் செக்தான் தாண்டவில்லை. அந்த மாதம் துணைத்தலைவர் ஊரில் இல்லை. அடுத்த மாதம் கையெழுத்துப் போட மறந்துவிட்டார். அதற்கடுத்து, கை சுளுக்கு. நேரில் போய்க் கேட்டபோது சிரித்தார். “தன்னடக்கம் தம்பி. நீ கேக்கவே மாட்டேன்னு நெனச்சிட்டன்” என்றார். நான் சொன்னதையே எனக்குத் திருப்பி ஊற்றிவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நாள் இழுத்துப் பார்த்துவிட்டு, சுரங்கத்து டவுன்ஷிப்பில் காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்விட்டேன். அங்கேயும் பம்புதான். ஆனால் பிரியாணி கிடையாது, கிராம சபையும் கிடையாது. எந்த ஷிப்ட் போட்டாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தான் ஓய்வு என்கிறேன்.

இப்போது பதவிக்காலம் முடிந்து தலைவரும் இல்லை, துணைத்தலைவரும் இல்லை. தனி அலுவலர் வந்து போகிறார். பதவி போனால் என்ன, கொல்லை போகவில்லையே. அது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது.

இதையெல்லாம் சாவி கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். நேற்றுச் சாயங்காலம் தங்கச்சி, நீ போன் பண்ணி ஊர்க் கதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னாய். முன்னாள் துணைத்தலைவர் கொல்லை முழுக்கத் தேக்கு வைத்திருக்கிறார், காலையில் மாலையில் வந்து கொஞ்சம் தண்ணீர் சேர்த்து விடு என்று உயிரை வாங்குகிறார், குடிக்கிற தண்ணீரைத் தேக்குக்கு விட முடியாது என்று நீயும் விரட்டிவிட்டாய் என்று. நன்றாகத்தான் செய்தாய்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஷிப்டில் உட்கார முடியவில்லை. கல் எதுவும் நட்டார்களா என்றேன், இல்லை என்றாய். கல் இல்லாமலே அவர் தண்ணீருக்கு அலைகிறார். நிலம் போகிறது என்று நினைக்கிறவன் எப்படிச் சும்மா இருப்பான் என்று கலியபெருமாள் அன்றைக்குக் கேட்டது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இரண்டு பேரும் ஒன்று செய்யுங்கள். பள்ளிக்கூடத்துக் குழாயை மூடப் போகிற மாதிரி போய், வேலியோரத்தில் ஒரு கன்றைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். பையோடு வந்தால் உடனே எனக்குப் போன் பண்ணுங்கள். அவர் பழையபடி நடிக்கிறார், இந்தத் தடவை தண்ணீர் கேட்கவும் கற்றுக்கொண்டுவிட்டார் என்று சந்தோஷமாகச் சிரிப்போம்.

கன்று வரமாட்டேன் என்று மண்ணைப் பிடித்துக்கொண்டால் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்துவிடுங்கள். ஊரில் யாரிடமும் சொல்லவேண்டாம். அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.